நான் கொடுக்காத விடுப்புக் கடிதம்

சினேகா என்ற ஏழாம் வகுப்பு மாணவியின் பெயரைப் பள்ளிப் பதிவிலிருந்து நீக்க வைத்தவள் நான். தெரியாமல் செய்யவில்லை. அவசரத்தில் செய்யவில்லை. யாரும் மிரட்டிச் செய்ய வைக்கவும் இல்லை. அவளுடைய அம்மா பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் தேர்தலில் எனக்கு எதிராக நிற்கக் கூடாது என்பதற்காக, நன்றாக யோசித்து, நிறுத்தி நிதானமாகச் செய்தேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை... இல்லை, இதுவும் பொய். கவலை இருக்கிறது. அதனால்தான் ஒரு வருடத்துக்கும் மேலாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவா, அதெல்லாம் ஒரு பதவியா என்று உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர் நாற்காலிக்கு நீங்கள் எப்படி முகம் சிவக்கச் சண்டை போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? கோயில் கமிட்டியில், சர்ச்சின் அன்பியக் கூட்டத்தில், மகளிர் குழுவில் நீங்கள் யாரை எப்படிக் கவிழ்த்தீர்கள் என்று நான் கேட்டேனா? எனக்குக் கிடைத்த நாற்காலி இது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கரியாலூர் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமையானால் அருவி பார்க்கப் போகிறவர்களின் கார்கள் வரிசையாக ஏறும். எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியின் சுற்றுச்சுவரைத் தாண்டித்தான் எல்லாம் போக வேண்டும். ஒரு கார்கூட அங்கே நின்று நான் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியின் குழுத் தலைவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தலைமை ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி உண்டு. சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்துக்கு அருகில் இடம் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து உண்டு. ஆய்வுக்கு வருகிற அதிகாரி "தலைவரம்மா" என்று கூப்பிடுவார். எனக்கு அது வேண்டியிருந்தது. பசி எடுத்தவளுக்குச் சோறு எப்படி வேண்டுமோ அப்படி வேண்டியிருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா? நான் களமருதூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். மின்வாரியத்தில் லைன்மேனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தேன். லூர்துமேரி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. லைன்மேன் பொண்டாட்டி. மின்சாரம் போனால் மட்டும் என் நினைவு வரும். பதினான்கு வருடம் அப்படி வாழ்ந்து பாருங்கள், தெரியும்.

என் மகள் ஜெனிஃபரை ஐந்தாவது வரை சின்னசேலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்பினோம். ஆறாம் வகுப்பில் உள்ளூர் அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். அரசுப் பள்ளியை நாமே ஆதரிக்காவிட்டால் வேறு யார் ஆதரிப்பார்கள் என்று ஊரெல்லாம் பேசினேன். உண்மை அதுவல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் டாக்டர் படிப்புக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்காகத்தான். கூடவே மாலை நேர வகுப்பு எடுக்கும் தன்னார்வலராகவும் பெயர் கொடுத்தேன். பிள்ளைகள் என்னை "மிஸ்" என்றார்கள். காதுக்கு இனிமையாக இருந்தது. அந்த இனிமைதான் தலைவர் நாற்காலி வரைக்கும் என் ஆசையை வளர்த்துவிட்டது.

இப்போது அஞ்சலை.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை, பாருங்கள். காலனியில் இருக்கிறாள். மரவள்ளிக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு பெண்கள். மூத்தவள் சினேகா, என் மகளின் வகுப்பு. இளையவளுக்கு அப்போது பள்ளியில் சேரும் வயது வரவில்லை. அஞ்சலை பேசினால் தெருவின் அந்தக் கோடி வரை கேட்கும். ஒருமுறை குடிநீர்த் தொட்டியில் புழு வந்தபோது, ஒரு பாட்டில் தண்ணீரைக் கிராம சபைக்குக் கொண்டுபோய் ஊராட்சிச் செயலர் முன்னால் வைத்தாள். "இத நீங்க ஒரு வாய் குடிங்க சார். நாங்க ஒண்ணும் கேக்காம வூட்டுக்குப் போய்க்கினே இருக்கோம்" என்றாள். மறுநாள் தொட்டியைக் கழுவினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

ஜூலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆகஸ்டில் குழுவைப் புதிதாக அமைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் அறிவித்தார். அந்தப் பள்ளியில் இப்போது படிக்கிற பிள்ளையின் தாய்தான் தலைவராக முடியும் என்பது விதி. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைத்தான் கத்தியாக எடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து கல்வித் தரம், ஒழுக்கம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று தயாரித்து வைத்திருந்ததைப் பேசினேன். பாதியில் அஞ்சலை குறுக்கிட்டாள்.

"மேரிக்கா, நீங்க பேசறது நல்லாத்தான் கீது. ஆனா உங்க பொண்ணு இங்க படிக்கிறது டாக்டர் சீட்டுக்கு. எட்டாவது முடிஞ்சா டவுனுக்கு இட்டுக்கினு போயிடுவீங்க. எங்க பொண்ணுங்களுக்கு இத வுட்டா வேற இன்னா கீது? கக்கூசுக்குக் கதவு இல்லன்னு எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கோம். நீங்க ஒரு வாட்டியாச்சும் கேட்டீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். கேலியாகக்கூட இல்லை, ஆமாம் என்று ஒத்துக்கொள்கிற சிரிப்பு. அது இன்னும் மோசம். யாரோ, "நீயே நில்லேன் அஞ்சல" என்றார்கள். "நிக்கிறேன், இன்னா இப்போ?" என்றாள் அவள்.

கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஜெனிஃபரிடம், அங்கே போகாதே, அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வா என்று சொல்லியிருந்தேன். எங்கள் வீடு பள்ளிக்குப் பக்கம். மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் என் மூக்கை அறுத்தாள் என்று ஊரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அவள் என்னை இருக்கிறபடி நாலு பேர் முன்னால் காட்டிவிட்டாள். அதை எப்படி மன்னிப்பது?

ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அஞ்சலை சினேகாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்தாள்.

"அக்கா, கர்நாடகாவுக்கு இஞ்சிக் காட்டு வேலைக்குப் போறோம். களை எடுக்கிறதுதான், இருபது நாளு. எலெக்‌ஷனுக்கு முன்னாடி வந்துருவோம். இன்னிக்கே வண்டி ஏறணுமாம், இப்பதான் சொல்றாங்க. சின்னதப் பாத்துக்க ஆளில்ல, அதான் இவளையும் இட்டுக்கினு போறேன். டீச்சர்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லிடுக்கா."

போகத் திரும்பியவள் நின்றாள். "அன்னிக்கு மீட்டிங்ல பேசுனத மனசுல வெச்சுக்காதக்கா. பசங்களுக்காகத்தான் பேசுனேன்" என்றாள்.

சினேகா நோட்டுத் தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். அவளே எழுதிய விடுப்பு விண்ணப்பம். குடும்பத்துடன் வெளியூர் செல்வதால் இருபது நாள் விடுப்பு வேண்டும், திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடங்களை எழுதி முடித்துவிடுவேன் என்று இருந்தது. "மறக்காம குடுத்துருங்க மிஸ்" என்றாள்.

"குடுத்துடறேன், போய்ட்டு வா" என்றேன்.

அந்த நிமிடத்தில் கொடுக்கத்தான் நினைத்தேனா? நினைத்தேன் என்றுதான் நம்புகிறேன். திங்கட்கிழமை கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே கிடந்தது. பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன். செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் தினமும் பார்க்கிற ஒன்றை எப்படி மறப்பது... வியாழக்கிழமை அதை எடுத்து ஜெனிஃபரின் பழைய பாடப்புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். அப்போது தெரிந்துவிட்டது, நான் கொடுக்கப்போவதில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடச் சின்னப் பிழை என்று தள்ளிவிடலாம். நான் நிற்கவில்லை.

பத்து நாள் ஆகியும் சினேகா வராததால் வகுப்பாசிரியை அஞ்சலைக்குப் போன் செய்து பார்த்திருக்கிறார். அந்த இஞ்சிக் காட்டில் டவர் கிடையாது போலிருக்கிறது. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதானேம்மா அந்தப் பக்கம் வாலண்டியர்? வூட்டுல ஒரு எட்டு பாத்துட்டு எழுதிக் குடுத்துடுங்க. தொடர்ந்து வராத பசங்க லிஸ்ட்ட மேல கேட்டுக்கினே இருக்காங்க" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

காலனிக்குப் போனேன். ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவள், எதற்குப் போனேன்? பார்த்துவிட்டு எழுதியதாக இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக! வீடு பூட்டியிருந்தது. வாசலில் தண்ணீர்க் குடங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கொடியில் ஒரு பழைய துண்டு. கூரை ஓரத்தில் விறகை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தாள். ஊரை விட்டே போகிறவள் விறகை மூடி வைப்பாளா? பார்க்கிற எவருக்கும் புரியும். எனக்கும் புரிந்தது.

அங்கேயே நின்று, படிவத்தைக் கையில் இருந்த நோட்டின் மேல் வைத்து எழுதினேன். குடும்பம் நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டது. கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. திரும்பி வர வாய்ப்பில்லை என்று அதிலும் எழுதினேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தலைமை ஆசிரியர் கணினியில் சினேகாவின் பெயரைப் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றினார். "போன ஊர்ல எந்த ஸ்கூல்ல சேந்தாலும் அவங்க எடுத்துக்குவாங்க. பிரச்சனை ஒண்ணும் இல்லம்மா" என்றார். பிரச்சனை ஒன்றும் இல்லை என்ற அந்த வார்த்தையை நான் எத்தனை நாள் பிடித்துக்கொண்டு தொங்கினேன்!

தேர்தல் நாள் வந்தது. பள்ளி வராந்தாவில் வகுப்புவாரியாகப் பட்டியல் வைத்திருந்தார்கள். பெற்றோர் தங்கள் பிள்ளையின் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அஞ்சலை அன்று காலைதான் சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, மூட்டையோடு நேராகப் பள்ளிக்கே வந்திருந்தாள். சின்னவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சினேகா அம்மாவுக்காகப் பட்டியலில் தன் பெயரைத் தேடினாள். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

"என் பேரு இல்லம்மா."

தலைமை ஆசிரியர் வந்தார். "நீங்க ஊர வுட்டே போயிட்டதா விசாரிச்சதுல தெரிஞ்சுதும்மா. பேரு இப்ப இங்க இல்ல. பொண்ணு மறுபடி சேரலாம், தடையில்ல. ஆனா இன்னிக்கு நீங்க நிக்க முடியாது, ஓட்டும் போட முடியாது."

"யாரு சார் சொன்னது? இருபது நாள் லீவுன்னு லெட்டர் குடுத்துட்டுத்தான போனோம். மேரிக்காகிட்டதான குடுத்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது சொல்லலாம் என்று ஒரு நொடி இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நொடி வந்திருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள்?

"நான் அன்னிக்கே டீச்சர் மேசையில அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள்ள வெச்சிட்டனே அஞ்சல" என்றேன். குரல் நடுங்கவில்லை.

வகுப்பாசிரியை சிறு பெண். தற்காலிகப் பணியில் வந்து சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் கண்ணில் படவில்லையே என்றாள். பிறகு, கீழே எங்கேயாவது விழுந்திருக்குமோ என்றாள். கடைசியில் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கம்மா, என் தப்புதான்" என்று சொல்லி அழுதுவிட்டாள். செய்யாத தப்புக்கு! நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது தெரிந்தது. இருபது நாள் விடுப்புக் கடிதம் வாங்கியவள், நிரந்தரமாகப் போய்விட்டார்கள் என்று எப்படி எழுதுவாள்? ஆனால் தானாக ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெயரை எடுத்தது அவர். என் பெயரை இழுத்தால் அவர் பெயரும் சேர்ந்து வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, உள்ள போலாம்" என்றார்.

போட்டியில்லாமல் தேர்வானேன். கை தட்டினார்கள். அஞ்சலை வாசல் பக்கம் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது வருத்தம் எதுவும் இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து புதுப் புடவையை மாற்ற மனமில்லாமல் சாயங்காலம் வரை அதிலேயே இருந்தேன்.

திங்கட்கிழமை அஞ்சலை மகளைத் திரும்பச் சேர்க்க அழைத்து வந்தாள். நான் தலைமை ஆசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். புதுத் தலைவர் அல்லவா! அவர் கோப்பைத் திறந்து ஏதோ எண்ணைத் தேடினார். திறந்த கோப்பில் என் படிவம் மேலாகவே இருந்தது. அஞ்சலை அதைப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் தாள். சினேகாவும் பார்த்தாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. மாலை வகுப்பில் அவள்தான் எல்லாரையும்விட வேகமாகப் படிப்பாள். அவளுடைய கண்கள் தாளின் மேல் ஓடியதை நான் பார்த்தேன். கடைசி வரியில் நின்றன. கீழே என் கையெழுத்து. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சேரலம்மா. வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலுக்குப் போய் மகளைத் திட்டினாள், முதுகில் அடித்தாள், கெஞ்சினாள். அந்தப் பெண் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வருவது குழுத் தலைவரின் பொறுப்பு. என்னிடம் கொடுத்த பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். அஞ்சலை மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தாள். சினேகா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தங்கை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

நான் தயார் செய்துகொண்டு போன பேச்சைத் தொடங்கினேன். படிப்பு எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று... சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றாள்.

"நாங்க திரும்பி வரமாட்டோம்னு உங்களுக்கு யாரு மிஸ் சொன்னது?"

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"அந்த லெட்டர நீங்க குடுக்கவே இல்ல. டீச்சர் பாவம், அழுதாங்க."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது. மன்னித்துக்கொள் என்று வரவில்லை.

"சொல்லல. சொன்னா அம்மா உங்க வூட்டாண்ட சண்டைக்கு வரும். வர்ற வருசம் தங்கச்சிய அந்த ஸ்கூல்லதான் சேக்கணும். நீங்கதான் தலைவரு. அத இன்னா பண்ணுவீங்களோ."

பன்னிரண்டு வயதுப் பெண், என்னால் தன் தங்கைக்கு என்ன கெடுதல் வருமோ என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்து!

"சரி, நீ ஸ்கூலுக்கு வா. பழையபடி படி. நான் எதுவும் செய்யமாட்டேன்" என்றேன்.

"உங்க மூஞ்சப் பாத்துக்கினு குட் மார்னிங் சொல்ல என்னால முடியாது." கொஞ்சம் யோசித்தாள். "நீங்களே மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. டீச்சர் மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. அப்ப வரேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. தலைவர் பதவியை விடச் சொல்லவில்லை. அவள் அம்மாவைத் தலைவராக்கச் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அவள் மறுநாள் காலை பள்ளிக்கு வந்துவிடுவாள். அவள் படிப்பு என் நாக்கில் இருந்தது.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாதத்துக் கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது பொருள், இடைநின்ற மாணவி. தலைமை ஆசிரியர், "தலைவரம்மா நேர்ல போய்ப் பாத்தீங்களே, இன்னா ஆச்சு?" என்றார். எழுந்தேன். வகுப்பாசிரியை எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் ஓடியது. என் கணவர் முகம் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் சிரிக்கப்போகிற சிரிப்பு காதில் கேட்டது. மறுபடி நான் லைன்மேன் பொண்டாட்டி ஆகிவிடுவேன். இந்த முறை பொய்க்காரி என்ற பட்டமும் சேரும்...

"மாணவிக்குப் படிப்பில் ஆர்வமில்லை. பெற்றோரின் ஒத்துழைப்பும் இல்லை" என்றேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

நவம்பரில் சினேகாவைச் சேலத்தில் அஞ்சலையின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி வேலைக்குப் போகிறாள், அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பஸ் ஏற்றிவிட்டு வந்த அஞ்சலையை நான் சாலையில் பார்த்தேன். நானாகக் கேட்கவில்லை, அவளே நின்று சொன்னாள்.

"அது தலையெழுத்துக்கா, இன்னா பண்றது. டீச்சர் ஒருத்தி அலட்சியத்தால என் பொண்ணு மனசு வுட்டுப் போச்சு. நீ வூடு தேடி வந்து கூப்புட்டியாமே. உனுக்கு இருக்கிற அக்கற அந்த டீச்சருக்கு இல்ல பாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நினைத்திருப்பேன், நெஞ்சு வெடித்திருக்கும் என்றுதானே? இல்லை. நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இன்னும் தெரியாது என்ற நிம்மதி. நான் எப்படிப்பட்டவள் என்று அன்றுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்தேன். சாமியாரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? பொய் சொன்னேன், ஒருவர் மேல் பொறாமைப்பட்டேன் என்றேன். யாரிடம், எதற்கு, அதனால் என்ன ஆனது என்று எதையும் சொல்லவில்லை. அவர் சில செபங்களைச் சொல்லச் சொல்லி மன்னிப்பு அளித்தார். முழங்காலில் நின்று செபங்களைச் சொல்லி முடித்தேன். கடவுளின் கண்ணிலும் மண்ணைத் தூவலாம் என்று பார்த்திருக்கிறேன்! மன்னிப்பு கிடைத்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. கிடைத்திருந்தாலும் நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்கு இப்போது கதவு இருக்கிறது. ஆறு முறை வட்டார அலுவலகத்துக்கு நடந்து நான்தான் போட வைத்தேன். ஊரில் என்னை மெச்சுகிறார்கள். நல்ல தலைவர் என்கிறார்கள். இதைக் கேட்டதும், பரவாயில்லையே, ஏதோ நல்லதும் செய்திருக்கிறாளே என்று உங்கள் முகம் கொஞ்சம் இளகுகிறதா? வேண்டாம். அந்தச் சலுகையை எனக்குத் தராதீர்கள். அந்தக் கதவை மூடிக்கொள்ள வேண்டியவள் சேலத்தில் யாருடைய குழந்தைக்கோ பால் புட்டி கழுவிக்கொண்டிருக்கிறாள். தவிர, அஞ்சலை தலைவராகியிருந்தால் இரண்டே நாளில் கதவைப் போட வைத்திருப்பாள்.

அந்த வகுப்பாசிரியை மே மாதத்தோடு போய்விட்டாள். வேறு ஊரில் வேலை கிடைத்ததாம். விடைபெறும்போது என்னிடம், "அந்த லெட்டர எப்படித் தொலைச்சேன்னு இன்னும் எனக்குப் புரியல மேடம்" என்றாள். விடுங்க டீச்சர், எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று நான் அவளைத் தேற்றினேன்.

சினேகாவின் தங்கை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்க்கைப் படிவத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சலை, "உன்ன நம்பித்தான் வுடறேங்க்கா, பாத்துக்கோ" என்றாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்தால் ஓடிப்போய் வகுப்புக்குள் உட்கார்ந்துகொள்கிறது. வெட்கப்படுகிறது என்று டீச்சர் சொல்கிறார். சேலம் போவதற்கு முன்னால் அக்கா ஏதாவது சொல்லி வைத்துவிட்டுப் போனாளா... நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் முடிக்கும் வரைதான் எனக்கு இந்த நாற்காலி. அதற்குப் பிறகு நான் உண்மையைச் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். சினேகா அதற்குள் இரண்டு வருடம் பின்தங்கியிருப்பாள். பின்தங்கிய பிள்ளைகள் திரும்பி வருவதில்லை என்று எங்களுக்கு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இத்தனையும் உங்களிடம் சொன்னேன். ஏன் தெரியுமா? நீங்கள் யாரோ. உங்களால் என்னை எதுவும் செய்ய முடியாது. சொல்ல வேண்டியவர்கள் காலனியில் ஒருத்தி, சேலத்தில் ஒருத்தி, எந்த ஊரிலோ ஒரு டீச்சர். அவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேனே, இதுவும் ஒரு கள்ளத்தனம்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது. அஞ்சலை இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய் அல்லவா, அவளும் வந்து முன்வரிசையில் உட்காருவாள். எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேசினால் போதும். மறுநாளே சேலத்துக்குப் போன் போகும், அந்தப் பெண் வந்தாலும் வரலாம். உங்களிடம் இவ்வளவு எழுதியவளுக்கு நான்கு வாக்கியம் ஒரு பாடா?

பேசமாட்டேன். போன மாதக் கூட்டத்துக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.